கண்ணை மூடிச் சோதியுங்கள்: டைவ்மாஸ்டரின் முதல் பிசிடி

டைவ்மாஸ்டர் பயிற்சியில் சேர வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பிசிடி வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். "இதுவரை எத்தனை டைவ் போயிருக்கிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி டைவ்மாஸ்டர் பயிற்சி தொடங்க 40 டைவ் வேண்டும், சான்றிதழ் கையில் வர 60 வேண்டும், வயதும் 18 ஆகியிருக்க வேண்டும். அந்த 40-ஐ மையத்தின் வாடகைச் சாமான்களிலேயே முடித்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பிசிடி மாற்றிப் போட்டால், உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பது கடைக்காரர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

பிசிடி என்பது டேங்கை முதுகில் தாங்கும் சட்டை. அதன் பையில் காற்றை ஏற்றி இறக்கித்தான் நீருக்குள் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறோம். பொழுதுபோக்குக்கு டைவ் அடிப்பவருக்கு அது வசதிக்கான பொருள். வழிகாட்டியாக வேலை பார்ப்பவருக்கோ ஒரு கை எப்போதும் விருந்தினருடையது. அதனால் நான் பார்க்கும் முதல் தகுதி, இடது கை ஒன்றாலேயே காற்றை ஏற்றவும் இறக்கவும் முடிகிறதா என்பது.

இதை நான் கற்றது 14 மீட்டர் ஆழத்தில். என் பிசிடி பழுதுக்குப் போயிருந்த நாளில், வேலை பார்த்த மையத்தில் ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள். முதல்முறை கடலுக்குள் வந்த ஒரு பெண்மணி என் வலது கையை இறுகப் பிடித்திருந்தார். காற்றை ஏற்றும் குழாயின் நுனியில் உள்ள இன்ஃப்ளேட்டர் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். உள்ளே போன பொத்தான் திரும்பி வரவில்லை. உஸ்ஸென்று காற்று ஏறிக்கொண்டே இருக்க, தோள் மேலே தூக்கியது. காற்றை வெளியேற்றும் கயிறோ வலது தோளில். அவர் கையை விட்டு, கயிற்றை இழுத்துப் பையைக் காலியாக்கி, ஹோஸைக் கழற்றுவதற்குள் நான்கு மீட்டர் மேலே வந்துவிட்டேன். அவர் கீழே தனியாக என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காரணம், பொத்தானுக்குள் காய்ந்து இறுகியிருந்த உப்பு.

பல மாடல்களில் இன்ஃப்ளேட்டர் குழாயைக் கீழே இழுத்தாலே இடது தோள் வால்வு திறந்து காற்று வெளியேறும். வேலைக்கு அப்படிப்பட்டதையே வாங்குங்கள்.

அடுத்தது தூக்குதிறன். "அண்ணா, இது 25 கிலோ தூக்கும்" என்று பெருமையாகக் காட்டுவார்கள். நம் கடலுக்கு அது தேவையில்லை. மையங்களில் நாம் தூக்கும் அலுமினியம் 80 டேங்கில் நிரம்பியிருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 2.7 கிலோ. 3 மில்லிமீட்டர் சூட் ஆழத்தில் நசுங்கி இழக்கும் மிதப்பு சுமார் 2 கிலோ. ஆக ஐந்து கிலோவுக்குள் அடங்கும் விஷயம் இது. விருந்தினருக்கென்று நாம் சுமக்கும் உபரி ஈயம், மேற்பரப்பில் அவரைத் தாங்கவேண்டிய தேவை எல்லாம் சேர்த்தாலும் 14 முதல் 18 கிலோ தாராளம். பெரிய பை வாங்குபவர் பெரும்பாலும் ஈயத்தைக் கூடுதலாகக் கட்டுபவராக இருப்பார். கூடுதல் ஈயத்தைச் சமாளிக்கக் கூடுதல் காற்று வேண்டும். அந்தக் காற்றோ மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கினால் பாதியாகச் சுருங்கும், ஏறினால் விரியும். ஒவ்வொரு மீட்டருக்கும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். எனவே முதலில் ஈயத்தைச் சரிசெய்யுங்கள். டைவ் முடிவில் டேங்கில் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில், பிசிடி காலியாக, அசையாமல் நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் அளவு.

எந்த வகை என்பது என்ன வேலை என்பதைப் பொறுத்தது. ஜாக்கெட் வகையை 1971-ல் ஸ்கூபாப்ரோ கொண்டுவந்தது. இன்றும் பெரும்பாலான மையங்களில் மாணவர்கள் போடுவது அதைத்தான். மேற்பரப்பில் நிமிர்த்தி நிறுத்தும், ஆனால் முழுக்க ஊதினால் விலாவை நெருக்கும். பயிற்றுநராகப் போகிறவருக்கு அது பொருந்தும். மாணவர் உடம்பில் உள்ளதே அவர் உடம்பிலும் இருந்தால் செய்துகாட்டுவது எளிது. வழிகாட்டிக்கு நான் சொல்வது, காற்று முதுகுப்பக்கம் மட்டும் நிரம்பும் வகை. உடல் தானாகக் கிடைமட்டமாகிறது, துடுப்பு பவளத்தில் படுவதில்லை. இந்தியாவில் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நம் பின்னால் வருபவர்கள் நம் காலைப் பார்த்துத்தான் நீந்துகிறார்கள். மேற்பரப்பில் இவ்வகை முகத்தை முன்னே தள்ளும் என்பது உண்மை. பையை அளவாக ஊதி, கொஞ்சம் ஈயத்தை டேங்க் பட்டைக்கு மாற்றினால் அது தீரும். எந்த வகையானாலும் பிசிடி லைஃப் ஜாக்கெட் ஆகாது. மயங்கியவரின் முகத்தை அது நீருக்கு மேலே வைத்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

எடையும் பாருங்கள். அந்தமானின் ஹேவ்லாக்கில் மழைக்காலம் தொடங்கும்போது திருகோணமலையில் சீசன் களைகட்டும். பிழைப்பும் கூடவே இடம் மாறும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, அதில் நான்கு கிலோவைச் சட்டைக்கே கொடுப்பது அதிகம். இரண்டரை கிலோவுக்குள் நல்லவை கிடைக்கின்றன.

கடையில் சூட்டோடு போட்டுப் பாருங்கள். அளவு மீறி வால்வு தானாகத் திறக்கும்வரை ஊதி, நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். தடைபட்டால் அளவு சிறியது. தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை வந்தால் அளவு பெரியது. பெண்களுக்கென்று தோள்பட்டை வளைத்துத் தைத்த மாடல்கள் உண்டு, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்ஃப்ளேட்டர், வலது தோள் கயிறு, இடுப்புக்குப் பின்னால் உள்ள வால்வு, எடைப் பைகளின் பிடி எல்லாவற்றையும் கை தேடாமல் தொடவேண்டும். ஊதிய நிலையிலேயே பாக்கெட்டில் கைவிட்டு, படகுக்கு அடையாளம் காட்டும் மிதவைக் குழாயை வெளியே எடுத்துப் பாருங்கள். பல ஜாக்கெட்டுகள் இங்கேதான் தோற்கும். எடைப் பையைத் தாங்குவது வெல்க்ரோ மட்டும் என்றால் வேண்டாம். தினமும் கழற்றி மாட்டினால் அதன் பிடி போய்விடும். ஆழத்தில் ஒரு பை நழுவினால் மேலே எகிறிவிடுவீர்கள்.

பழையது வாங்குவதில் தவறில்லை. இரவு முழுக்க ஊதி வையுங்கள், காலையிலும் இறுக்கமாக இருக்கவேண்டும். குழாயை வளைத்து மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வேலை பார்க்கப்போகும் ஊரில் அந்த இன்ஃப்ளேட்டருக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

வாங்கிய அன்றிலிருந்து ஒரு வேலை உங்களுடையது. மாலையில் படகு கரைக்கு வந்ததும் பைக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியே வடியவிடுங்கள். ஓடும் தண்ணீரில் இன்ஃப்ளேட்டர் பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி, அது துள்ளித் திரும்புகிறதா பாருங்கள். அப்புறம் பாதி ஊதி, வெயில் படாத இடத்தில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.