வீட்டில் புகையறி மணி

வீட்டில் தீப்பற்றும்போது உயிரிழப்போருள் பலர் தீச்சுடர் தீண்டி இறப்பவரல்லர்; புகையால் மூச்சடைத்து இறப்பவரே ஆவர். சமையலறையில் எழும் தீ படுக்கையறையை எட்டுமுன்பே அதன் புகை அங்கு எட்டிவிடுகிறது. அரைகுறையாக எரியும் பொருள்களினின்று கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைப் பார்க்கிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. எனவே உறங்குபவர் உறக்கத்திலேயே நினைவிழந்துவிடக்கூடும்.

"புகை நாற்றம் அடித்தால் விழித்துக்கொள்ளமாட்டோமா?" என்று பலரும் வினவுவர். விழித்துக்கொள்வோம் என்று நம்பியிருத்தல் கூடாது. உறக்கத்தில் மூக்கு காவல் காப்பதில்லை; செவி ஓரளவு காக்கிறது. ஆகவேதான் புகையை ஓசையாக மாற்றித் தரும் சாதனம் ஒன்று தேவையாயிற்று.

கடைகளில் 'ஸ்மோக் அலாரம்' என விற்கப்படும் அச்சாதனத்தை இக்கட்டுரையில் 'புகையறி மணி' என்போம். உண்மையில் அது மணியன்று. காதைத் துளைக்குமாறு கூவும் சிறு ஊதலே. எனினும் அபாயமணி என்னும் வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருத்தலின் இப்பெயர் பொருந்தும் எனத் தோன்றுகிறது.

இம்மணி இருவகைப்படும். முதல்வகை அயனி முறையில் இயங்குவது. 1930-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பௌதிக விஞ்ஞானி வால்ட்டர் யேகர் விஷவாயுவைக் கண்டறியும் கருவியொன்றை அமைக்க முயன்றார். வாயு கருவியில் எவ்வித மாறுதலையும் உண்டாக்கவில்லை. சலிப்புற்று அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தபோது மின்னோட்டங் காட்டும் முள் இறங்கிற்று என்று கூறுவர். இன்றைய மணியிலும் அதே தத்துவமே பயன்படுகிறது. சிறிய அறையொன்றில் இரு உலோகத் தகடுகள் உள்ளன. அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள், ஏறத்தாழ 1 மைக்ரோ கியூரி அளவில், அங்குள்ள காற்றை அயனிகளாக்குகிறது. அதனால் தகடுகளுக்கிடையே மிக நுண்ணிய மின்னோட்டம் நிகழ்கிறது. புகைத்துகள்கள் புகுந்து அயனிகளைப் பற்றிக்கொண்டால் மின்னோட்டம் குறையும்; ஊதல் கூவும். கதிரியக்கம் என்றதும் அஞ்சவேண்டுவதில்லை. அதன் ஆல்பா துகள்களை ஒரு தாள் தடுத்துவிடும். ஆயின் கருவியைப் பிரித்துப் பார்த்தலும் எரித்தலும் கூடவே கூடாது.

இரண்டாம் வகை ஒளியால் இயங்குவது. இதனை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே விளக்கிக் காட்டலாம். ஓர் அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் கருந்தாள் ஒட்டி, ஒரு பக்கத்தில் கைவிளக்கின் ஒளிபுகச் சிறு துளையும், அதற்கு நேரெதிரே ஒளி வெளியேற மற்றொரு துளையும், பக்கவாட்டில் பார்க்க ஒரு துளையும் இடுக. அறையை இருட்டாக்கி நோக்கினால் பெட்டிக்குள் ஒளிக்கற்றை ஏறத்தாழத் தோன்றாது. அணைத்த ஊதுவத்தியின் புகையைச் சிறிது உட்செலுத்தினால் அக்கற்றை வெண்கோடாகத் தெளிவாய்த் தெரியும். புகைத்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம். மணியினுள் பார்க்கும் கண்ணின் இடத்தில் ஒளியுணர் சாதனம் அமைந்திருக்கிறது; வேறுபாடு அவ்வளவே.

கொழுந்துவிட்டெரியும் தீயை முதல்வகையும், கனன்று புகையும் தீயைப் பின்னதும் விரைந்து உணரும். மெத்தையும் மின்கம்பி உறையும் பெரும்பாலும் முதலில் புகைவன. அன்றியும் சமையற்புகைக்கு முதல்வகை எளிதில் கூவிவிடும். ஆதலின் நம் வீடுகளுக்கு ஒளிவகையே ஏற்றது என்பது எமது கருத்து.

இனி, இக்கட்டுரையின் முக்கியப் பொருளுக்கு வருவோம். மணி இருப்பது வேறு. அது இயங்குவது வேறு. அமெரிக்காவில் வீட்டுத் தீயால் இறந்தோருள் ஐந்தில் ஏறத்தாழ மூன்று பங்கினர் மணியே இல்லாத அல்லது மணி இருந்தும் இயங்காத வீடுகளில் இறந்தவராவர். இயங்காமைக்குப் பெருங்காரணம் பாட்டரி தீர்ந்துபோதலும், வீட்டாரே அதனைக் கழற்றிவிடுதலுமாம். ஏன் கழற்றுகின்றனர்? சமைக்கும்போதெல்லாம் கூவித் தொல்லை தருவதால். மிளகாய் தாளிப்பும் சாம்பிராணியும் கொசுவர்த்தியும் உள்ள நம் இல்லங்களில் இத்தொல்லை மிகும் என்பது சொல்லாமலே விளங்கும். தொல்லைக்கு மருந்து மணியை ஊமையாக்குதலன்று, இடம் மாற்றுதலே. அடுப்பினின்று 10 அடியேனும் தள்ளி, படுக்கையறைகளை அடுத்த கூடத்தின் உட்கூரையில் மணியைப் பொருத்தலாம். சமையலறைக்குள் புகையறி மணிக்குப் பதிலாக வெப்பமறியும் கருவியே தகும். மின்விசிறியின் இறக்கை முனையினின்று 3 அடியேனும் விலகியிருத்தல் நன்று; விசிறிக்காற்று புகையை மணிக்கு எட்டவொட்டாமல் விலக்கிவிடலாம்.

அண்மையில் யான் தங்கிய ஒரு விருந்தினர் விடுதியில் கட்டிலுக்கு நேர்மேலே மணி பொருத்தப்பட்டிருந்தது. உற்றுநோக்கியபோது அது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கக் கண்டேன். சுவருக்கு வர்ணம் பூசியபோது தூசி படாதிருக்கக் கட்டிய உறையாம்! பூசி எத்தனை காலமாயிற்று என்று ஊழியருக்குத் தெரியவில்லை. அன்றிரவு நாற்காலி மீதேறி யானே உறையை அவிழ்த்தேன்.

முற்காலத்தில் இத்தகைய அசட்டை ஓரளவு பொறுக்கத்தக்கதாயிருந்தது. ஓட்டுக்கூரையின் இடுக்குகளும் முற்றமும் புகைக்கு வழிவிட்டன. பஞ்சும் மரமும் மெல்ல எரிந்தன. இன்றோ அறைகள் குளிர்சாதனத்திற்காக அடைக்கப்படுகின்றன. மெத்தையும் இருக்கையும் செயற்கை நுரையால் ஆனவை. கொழுந்துவிட்டெரியும் தீயில் வீட்டார் தப்பிக்கக் கிடைக்கும் நேரம், 1975-ஆம் ஆண்டுச் சோதனைகளில் சராசரி 17 நிமிடங்களாயிருந்தது. அமெரிக்க தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தின் 2004-ஆம் ஆண்டு அறிக்கையில் அது 3 நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. அம்மூன்று நிமிடங்களில் பாட்டரியைத் தேடிக்கொண்டிருக்க இயலாது.

களப்பணியாளர்கள் மணியுள்ள வீட்டிற்குச் செல்லும்போது சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டுமாறு வீட்டாரைக் கேட்கலாம். மாதம் ஒருமுறை இவ்வாறு சோதித்தல் வேண்டும். தீக்குச்சி கொளுத்திக் காட்டிச் சோதித்தல் ஆபத்து. சிறிது நேரத்திற்கொருமுறை 'கீச்' என்னும் ஒற்றை ஒலி கேட்பின் பாட்டரி தீரும் தறுவாயில் உள்ளது என அறிக. கருவியின் பின்புறம் உற்பத்தித் தேதி அச்சிடப்பட்டிருக்கும். அதிலிருந்து 10 ஆண்டுகள் கடந்த மணி, பொத்தானுக்குக் கூவினாலும், மாற்றத்தக்கதே. ஏனெனில் புகையை உணரும் பகுதி தூசியாலும் முதுமையாலும் தளர்ந்திருக்கலாம்.

சோதிக்கும்போது மற்றொன்றும் பார்க்க வேண்டும். படுக்கையறைக் கதவைச் சாத்தி, விசிறியைச் சுழலவிட்டு, ஒருவர் உள்ளே படுத்திருக்க, மற்றொருவர் கூடத்தில் பொத்தானை அமுக்குக. உள்ளே ஓசை மெலிந்து கேட்பின் அவ்வறைக்கு வேறொரு மணி வேண்டும். சிறுவர்கள் மணியின் கூவலுக்கும் விழிக்காமல் உறங்குவதுண்டு. அவர்களை எவர் எழுப்பி, எந்த வாயில் வழியே வெளிக்கொணர்வது என்பதை வீட்டார் பகலிலேயே பேசி, ஒருமுறை நடந்தும் பார்க்கட்டும்.