தனியே சென்ற மிதிவண்டி

மிதிவண்டிப் பந்தயமும் உயர்கல்வியும் ஒன்றுக்கொன்று எளிதில் இடம் கொடுப்பவை அல்ல. நெடுஞ்சாலைப் பந்தய வீரர் ஒவ்வொரு வாரமும் பல மணி நேரத்தை வண்டியின் மீதே கழிக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் நன்றாக உண்டு, நன்றாக உறங்க வேண்டும்; ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே. கணிதமோ பொறியியலோ பயில்பவருக்கு அந்த ஓய்வு நேரத்தில்தான் பாடம் காத்திருக்கும். கால்கள் களைத்திருக்கும்போது மூளையும் களைத்திருக்கும் என்பதை, மாலையில் விளையாடிவிட்டு வந்து கணக்குப் போட அமர்ந்த எவரும் அறிவர்.

இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொண்டவர் ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த அன்னா கீசன்ஹோஃபர். 1991ஆம் ஆண்டு பிறந்த இவர், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் முதுநிலைக் கல்வியை முடித்தார். மாணவப் பருவத்தில் நெடுந்தொலைவு ஓடுவதிலும் மிதிவண்டி ஓட்டுவதிலும் ஈடுபட்டிருந்தார். காயத்தால் ஓட இயலாமற்போகவே, மிதிவண்டி ஒன்றே எஞ்சியது. 2016ஆம் ஆண்டு பார்சிலோனாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டில் தொழில்முறை அணி ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவ்வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. அந்த ஆண்டிலேயே விலகிவிட்டார். பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் அவருடைய ஆய்வுப் பொருள். பந்தயத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. பயிற்றுநர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாமல், பயிற்சி நேரம், உணவு, பந்தய உத்தி அனைத்தையும் தாமே திட்டமிட்டார். பிறர் வகுத்த நேர அட்டவணைக்குள் ஆய்வுப் பணியை அடக்குவதைவிட, இரண்டுக்கும் சேர்த்துத் தாமே ஓர் அட்டவணை வகுப்பது எளிதன்றோ!

கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று பெண்களுக்கான சாலைப் பந்தயம் நடைபெற்றது. தொலைவு 137 கிலோமீட்டர். ஃபூஜி மலையை அடுத்த பந்தயத் திடலில் முடிவுக்கோடு. நெதர்லாந்து நாட்டிலிருந்து நான்கு பேர் வந்திருந்தனர். அவர்களுள் இருவர் முந்தைய ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர் கீசன்ஹோஃபர் ஒருவரே. அப்போது அவர் எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை.

சாலைப் பந்தயத்தில் வீரருக்கு முதன்மையான பகை காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றெதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். ஆகவே வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூட்டமாகச் செல்வர். பின்னால் வருபவருக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். தனியே முன்னேறிச் செல்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால்தான், முன்னதாகவே பிரிந்து செல்பவரைப் பெருங்கூட்டம் பெரும்பாலும் கவலையின்றிப் போகவிடும். எப்படியும் பிடித்துவிடலாம் என்பது அதன் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையையே கீசன்ஹோஃபர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். நெருக்கமான கூட்டத்தில் ஓட்டுவது அவருக்கு வசதியானதன்று. தனியே நெடுநேரம் சீரான வேகத்தில் செல்வதே அவருடைய வலிமை. தனிநபர் நேரப் பந்தயத்தில் அவர் தம் நாட்டின் வாகையர். எனவே கொடி அசைந்ததும் பாய்ந்தார். நால்வர் உடன் சென்றனர். அவர்களுக்கும் பெருங்கூட்டத்திற்கும் இடையே பத்து நிமிடத்திற்கும் மேற்பட்ட இடைவெளி உண்டாயிற்று. முடிவுக்கோட்டிற்கு இன்னும் 40 கிலோமீட்டர் அளவே இருந்தபோது, எஞ்சியிருந்த இருவரையும் விட்டுவிட்டுத் தனியே சென்றார்.

ஒலிம்பிக்கில் வீரர்கள் காதில் வானொலிக் கருவி அணிவதில்லை. முன்னே எத்தனை பேர் உள்ளனர் என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பின்தங்கிய அவ்விருவரையும் பிடித்தவுடன், எல்லாரையும் பிடித்துவிட்டதாகவே பலர் எண்ணினர். கீசன்ஹோஃபர் 3 மணி 52 நிமிடம் 45 நொடியில் முடிவுக்கோட்டைக் கடந்து தரையில் சரிந்தார். 75 நொடி கழித்து வந்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன், தாமே வென்றதாக நினைத்துக் கைகளை உயர்த்தினார்! உண்மை தெரிந்தபோது அவர் அடைந்த ஏமாற்றத்தை யாரும் எளிதாகக் கொள்ள முடியாது.

மிதிவண்டிப் போட்டியில் ஆஸ்திரியாவுக்கு 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குப் பின் கிடைத்த முதல் தங்கம் இது.

அருஞ்சொற்பொருள்
உத்தி – செயல்படும் வழிமுறை. வாகையர் – வெற்றி பெற்றவர். ஒருங்கே – ஒரே காலத்தில், சேர்த்து

பயிற்சி
1. கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்தது ஏன்?
2. பிரித்து எழுதுக: காற்றெதிர்ப்பு, பெருங்கூட்டம்.
3. பாடத்திலுள்ள தொலைவையும் நேரத்தையும் கொண்டு, கீசன்ஹோஃபரின் சராசரி வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் எனக் கணக்கிடுக.
4. நீங்கள் விளையாட்டிற்கும் படிப்பிற்கும் ஒரு வாரத்தில் செலவிடும் நேரத்தைக் குறித்து, அதில் எதை மாற்ற விரும்புகிறீர்கள் என ஐந்து வரிகளில் எழுதுக.