கல்லாப் பெட்டி அருகே ஒரு கண்ணாடித் தொட்டி

இம்முறை அரிசி, பருப்பு நிலவரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நமது கல்லா ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு உயிரைப் பற்றிப் பார்ப்போம்.

கண்ணாடி ஜாடியில் ஒரு ஃபைட்டர் மீன், அதன் வாயில் ஒரு மணி பிளாண்ட் கொடி. இதைப் பல கடைகளில் காண்கிறோம். ஜாடி, செடி, மீன் மூன்றையும் சேர்த்து அன்பளிப்புப் பொருளாக விற்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால், "மீன் வேரைத் தின்று பிழைத்துக்கொள்ளும், தண்ணீரும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லி விற்பது சரியல்ல. இரண்டுமே தவறு.

ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்து. 2019இல் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் கொசுப்புழு, சிறு பூச்சிகளைத் தின்று வாழும் இனம் இது. பசி தாங்காமல் வேரைக் கடித்துப் பார்க்குமே தவிர, அதனால் வயிறு நிறையாது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியும் சுவாசிக்கும் என்பதால், சிறிய ஜாடியிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். அதை நலம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

செடி தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பதில் பாதி உண்மை உண்டு. மீன் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம், செடிக்கோ தழைச்சத்து. உரக்கடையில் மூட்டையாக வாங்கும் அதே சத்துதான். வேர் அதில் ஒரு பங்கை உறிஞ்சும். முழுவதையும் உறிஞ்சிவிடாது.

வைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. வேர் தண்ணீரில், இலை வெளியில். இதுவே முதல் விதி. மணி பிளாண்ட், லக்கி பாம்பூ, பீஸ் லில்லி மூன்றும் இப்படி வளரும். லக்கி பாம்பூ பெயரளவில்தான் மூங்கில். உண்மையில் அது டிரசீனா இனம். முழுவதும் நீரில் மூழ்கினால் இவை அழுகி, தண்ணீரைக் கெடுக்கும். நீருக்குள்ளேயே செடி வேண்டுமென்றால் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

2. நர்சரிச் செடியில் மண்ணும் உரமும் பூச்சிமருந்தும் ஒட்டியிருக்கும். வேரை நன்கு அலசி, ஒரு வாரம் தனித் தண்ணீரில் வைத்த பிறகே தொட்டியில் விட வேண்டும்.

3. தொட்டி குறைந்தது 10 லிட்டர் கொள்ள வேண்டும். வேர் நீர்மட்டம் முழுவதையும் அடைத்துவிடக் கூடாது; மீன் மேலே வந்து மூச்சு விட இடம் வேண்டும். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விடவே கூடாது.

4. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால், மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

5. தீனி கொஞ்சமாக. மீந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

6. நேர் வெயிலும் ஏ.சி.யின் நேர்க் காற்றும் ஆகாது. 24 முதல் 28 டிகிரி வெப்பம் ஏற்றது. கொசு மருந்தை அருகில் அடிக்கக் கூடாது. அதிலுள்ள மருந்து மீனுக்குக் கொடிய விஷம்.

சென்னை கொளத்தூர்ப் பகுதியில் வண்ணமீன் வளர்ப்பே பலருக்குப் பிழைப்பு. அங்கிருந்து கொள்முதல் செய்து விற்கும் அன்பர்கள், மேற்கண்டவற்றை ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டு ஜாடியுடன் கொடுக்கலாம். செலவு சில காசுகள்தான்.

வண்டு விழுந்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுத்துவிடுவோம். செத்த மீனோடு வந்து நிற்கும் குழந்தைக்கு எதை மாற்றிக் கொடுப்பது? சரக்கைத் தெரிந்து, தெரிந்ததைச் சொல்லி விற்போம். வாடிக்கை தானே நிலைக்கும்.