அச்சுப் பூவுக்கு மார்க்கர் வண்ணம்: வாழ்த்து அட்டை செய்யப் பழகுவோம்

பெருநாள், நிக்காஹ், அகீகா என்று நம் வீடுகளில் வாழ்த்துச் சொல்லும் நாட்களுக்குக் குறைவில்லை. கைபேசியில் வரும் வாழ்த்து நூறோடு நூற்றொன்றாகப் போய்விடுகிறது. கையால் செய்த அட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கிறோம். வெளியே வேலைக்குப் போக இயலாத சகோதரிகளுக்கு இது சிறு வருமானமும் தரலாம். ஆனால் கோடு கலங்கி, வண்ணம் திட்டுத்திட்டாக இருக்கும் அட்டையை உறவினர்கள் அன்புக்காக ஒருமுறை வாங்குவார்கள். மறுமுறை கேட்டு வரமாட்டார்கள். ஆகவே வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்வோம். இந்தப் பாடத்திற்கு நம் வாசலில் பூக்கும் செம்பருத்தியையே எடுத்துக்கொள்வோம்.

மையும் மார்க்கரும்

ஸ்டாம்பு குத்திய கோட்டை மார்க்கர் கரைக்கக் கூடாது. இதுதான் முதல் விதி. மார்க்கரில் இரண்டு வகை உண்டு. ஆல்கஹால் மார்க்கருக்கு, ஆல்கஹாலில் கரையாத மை வேண்டும். 'மெமென்டோ' கருப்பு மை இதற்குப் பலரும் பயன்படுத்துவது. தண்ணீர் மார்க்கருக்கு, நீரில் கரையாத மை வேண்டும். 'ஸ்டாஸ்ஆன்' அதற்குப் பொருந்தும். அதே ஸ்டாஸ்ஆன் மீது ஆல்கஹால் மார்க்கர் பட்டால் கோடு கலங்கிவிடும். எந்த மை வாங்கினாலும் ஒரு துண்டுத் தாளில் குத்தி, நன்றாகக் காயவிட்டு, மார்க்கரை ஓட்டிப் பார்த்த பிறகே நல்ல தாளைத் தொடுங்கள்.

ஆல்கஹால் மார்க்கருக்கு வழவழப்பான, கனமான அட்டை நல்லது. தண்ணீர் மார்க்கருக்கு 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் தாங்கும்.

'ஆல்கஹால்' என்ற பெயரைக் கேட்டுச் சில சகோதரிகள் தயங்குகிறார்கள். அது சாயத்தைக் கரைத்து வைக்கும் கரைப்பான். குடிக்கும் பொருள் அல்ல. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் தங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம், அல்லது தண்ணீர் மார்க்கரிலேயே செய்யலாம். எந்த வகையானாலும் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

எத்தனை நிறம் வேண்டும்?

ஆறு போதும்: சிவப்பில் மூன்று, பச்சையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. சிவப்பு மூன்றும் ஒரே குடும்பமாக, வெளிர், நடுத்தரம், அடர் என்று இருக்க வேண்டும். ஜப்பானில் 1987-இல் வெளிவந்த 'கோப்பிக்' மார்க்கர்களில் இதை எண்ணே சொல்லிவிடும். ஆர்22, ஆர்24, ஆர்27 என்றால் எழுத்து நிறக் குடும்பத்தையும், கடைசி எண் அடர்த்தியையும் குறிக்கும்; எண் கூடினால் நிறம் அடரும். அவை விலை அதிகம். மலிவான வேறு நிறுவனத்து மார்க்கரை வாங்கினால், மூடியின் நிறத்தை நம்பாமல் தாளில் தீட்டிப் பார்த்து வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

வண்ணம் இடும் முறை

1. மார்க்கர் மை ஊடுருவித் தெரிவது. அடர் நிறத்தின் மேல் மஞ்சள் எடுபடாது. எனவே பூவின் நடுத்தண்டில் உள்ள மகரந்தப் புள்ளிகளுக்கு முதலில் மஞ்சள் இடுங்கள்.

2. இதழ்களை ஒவ்வொன்றாக முடியுங்கள். ஐந்தையும் சேர்த்துத் தொடங்கினால், திரும்பி வருவதற்குள் முதல் இதழ் காய்ந்து திட்டு விழும். முதலில் வெளிர் சிவப்பை இதழ் முழுதும் பரப்புங்கள். மை தானாகப் பரவும்; ஆகவே கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்துங்கள்.

3. ஈரம் இருக்கும்போதே நடுத்தரச் சிவப்பைப் பூவின் மையத்திலிருந்து வெளியே பாதி இதழ் வரை இழுங்கள். அழுத்தித் தொடங்கி, முடியும் இடத்தில் பேனாவை மெல்லத் தூக்கிவிட்டால் கோடு கூராக மெலியும். இதழின் நரம்பு போலவே தெரியும்.

4. அடர் சிவப்பை மையத்திலும், ஓர் இதழ் மற்றொன்றின் அடியில் நுழையும் இடத்திலும் மட்டும் வையுங்கள். பூவுக்கு ஆழம் தருவது இந்த நிழல்தான்.

5. இரண்டு நிறம் சேரும் எல்லையில் மறுபடி வெளிர் சிவப்பை ஓட்டினால் அவை ஒன்றில் ஒன்று கரையும். இதையே மூன்று நான்கு முறை செய்தால் தாள் நனைந்து மை வெளியே கசியும். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும். காய்ந்த பிறகு பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

6. இலைக்கு வெளிர் பச்சை முழுதும், அடர் பச்சை ஓரத்திலும் அடியிலும். நடு நரம்பை வெளிராகவே விடுங்கள்.

தண்ணீர் மார்க்கர் என்றால், பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனாவே போதும். பழைய பிளாஸ்டிக் மூடியில் மையைத் தீட்டி, ஈரத் தூரிகையால் தொட்டு, இதே வரிசையில் பூசலாம். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே இடத்தில் தேய்த்தால் தாள் நார் எழும்பிவிடும்.

ஆல்கஹால் மை தாளின் பின்பக்கம் வரை இறங்கும். ஆகவே அட்டையில் நேரடியாகத் தீட்டாமல், தனித் தாளில் தீட்டி, வெட்டி ஒட்டுங்கள். ஓர் ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள் கிடைக்கும்.

விற்கும்போது

விலையைக் கணக்குப் போட்டே சொல்லுங்கள். உதாரணமாக, அட்டையும் தாளும் 8 ரூபாய், உறை 4, மையும் பசையும் 5 என்றால் பொருட்செலவே 17 ரூபாய். அரை மணி நேர உழைப்புக்கு 25 ரூபாய் சேர்த்தால் 42. இதை 20 ரூபாய்க்குக் கொடுத்தால் உங்கள் உழைப்புக்கு 3 ரூபாய்தான் மிஞ்சும். அதோடு, குறைந்த விலையை நம்பி வாழும் அடுத்த வீட்டுச் சகோதரியின் விலையையும் கீழே இழுக்கிறோம்.

ஸ்டாம்பில் உள்ள படம் அதை வரைந்தவருடையது. கையால் குத்திச் செய்த அட்டையை விற்கச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில மறுக்கின்றன. உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

மார்க்கர் சாயம் வெயிலில் வெளுக்கும். சட்டமிட்டுச் சுவரில் மாட்டக் கேட்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ஈரத் தானியத்தை உள்ளே மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. குறையைச் சொல்லி விற்பதால் ஓர் அட்டை குறையலாம். உங்கள் மேல் உள்ள நம்பிக்கை குறையாது.

முதலில் பத்துப் பூக்களைத் துண்டுத் தாளிலேயே தீட்டிப் பழகுங்கள். முதல் பூவையும் பத்தாவது பூவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தேர்ச்சி உங்கள் கண்ணுக்கே தெரியும், இன்ஷா அல்லாஹ்.