பின்னாலிருந்து வருகிறவருக்கு எது தெரியும்?



போன எபிசோடில் ஸ்டேட்டஸ் மெசேஜ் பற்றிப் பேசும்போது, விமானத்தின் விளக்குகளும் ஒரு வகை ஸ்டேட்டஸ் மெசேஜ்தான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதை ஒழுங்கா விளக்கணும்னு தோணுச்சு. இந்த வாரப் பாடம் அதுதான்.

கான்ட்ராக்ட் வேலைக்காக டொராண்டோ பியர்சனில் அடிக்கடி ராத்திரி விமானம் பிடிக்கிற ஆள் நான். ஜன்னல் சீட்தான் கேட்பேன். விமானம் ஊர்ந்து போகும்போது, குறுக்கே வர வேண்டிய இன்னொரு விமானம் நமக்கு வழி விட்டு நிற்கும். அதன் முன்சக்கரத்துக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கு சட்டென்று அணையும். நம்ம பைலட்டுக்குக் கண் கூசக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்றாங்கன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அது பாதிதான் சரி. "நான் நிற்கிறேன், நீ போ" என்ற செய்தியும் அதில் இருக்கிறது. டாக்ஸி லைட் எரிந்தால் நகர்கிறேன் அல்லது நகரப் போகிறேன், அணைந்தால் நிற்கிறேன். ஒரே ஒரு பிட்.

சரி, முழு செட்டையும் பார்ப்போம். இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. இவை பொசிஷன் லைட்கள். கப்பல்களிடமிருந்து வந்த பழக்கம். சிவப்பும் பச்சையும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டில் தலா 110 டிகிரி வரை தெரியும்; மீதி 140 டிகிரி வால் வெள்ளைக்கு. கூட்டிப் பாருங்க, 360. அதாவது இருட்டில் எந்த நிறம் தெரிகிறது என்பதை வைத்தே அந்த விமானம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சொல்லிவிடலாம். அடுத்தது பீக்கன், உடலின் மேலும் கீழும் மினுக்கும் சிவப்பு. இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இதைப் போட்டுவிடுவார்கள். தரையில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான்: கிட்ட வராதே. பிறகு ஸ்ட்ரோப், இறக்கை நுனிகளில் பளிச் பளிச்சென்று வெட்டும் வெள்ளை. கடைசியாக டாக்ஸி லைட்டும் லேண்டிங் லைட்டும்.

இந்தக் கடைசி ரெண்டும்தான் எல்லாவற்றையும் விடப் பிரகாசமானவை. ஆனால் ரெண்டுமே முன்பக்கம் பார்க்கின்றன. இதை மனசுல வெச்சுக்கங்க.

1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ், மாலை 6 மணி தாண்டி இருட்டிய நேரம். ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் சின்ன மெட்ரோலைனர் விமானம், 12 பேருடன், 24L ரன்வேயின் நடுவில் ஒரு குறுக்குச் சந்திப்பில் ஏறி நிற்கிறது. டவர் சொன்னபடி, டேக் ஆஃப் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அதே ரன்வேயில் இறங்க 89 பேருடன் யுஎஸ்ஏர் போயிங் 737 ஒன்றுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. கண்ட்ரோலர் சின்ன விமானத்தை மறந்துவிட்டார். வேறொரு விமானத்தை அதுவென்று நினைத்துக்கொண்டார். தரை ரேடார் அன்று வேலை செய்யவில்லை.

இப்போ 737-இன் காக்பிட்டில் உட்காருங்க. மெட்ரோலைனர் முதுகைக் காட்டி நிற்கிறது. அதன் வாலில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆனால் ரன்வே விளிம்பு விளக்குகளும் வெள்ளை, மையக்கோட்டு விளக்குகளும் வெள்ளை. பீக்கன் எரிகிறது, ஆனால் அது அந்த மையக்கோட்டு வரிசையோடு கலந்துவிடுகிறது. கூட்டத்திலிருந்து தனித்துத் தெரியக்கூடியது ஸ்ட்ரோப் ஒன்றுதான். அது அணைந்திருந்தது. பைலட் மறந்து அணைத்து வைக்கவில்லை. டேக் ஆஃப் அனுமதி கிடைத்த பிறகுதான் ஸ்ட்ரோப் போட வேண்டும் என்பதே அந்த நிறுவனத்தின் நடைமுறை.

737 தரையைத் தொட்ட பிறகுதான் அதன் துணை விமானி முன்னால் ஒரு விமானம் நிற்பதையே பார்த்தார். விலகித் தப்ப நேரம் இல்லை. சின்ன விமானத்தில் 12 பேரும், 737-இல் 23 பேரும் இறந்தார்கள். அந்த 23 பேரில் பெரும்பாலோர் புகையில் மூச்சுத்திணறிப் போனவர்கள்.

விசாரித்த என்டிஎஸ்பி அமைப்பு பழியைக் கண்ட்ரோலர் ஒருவர் தலையில் கட்டவில்லை. ஒரு ஆள் மறந்தால் அதைப் பிடிக்க இன்னொரு அடுக்கு இல்லாமல் டவரை நடத்திய நிர்வாகத்தைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. நம்ம பாஷையில், ஒருத்தர் ஞாபகசக்தியே சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். ஸ்ட்ரோப் எரிந்திருந்தால் அது ஒரு மாற்று அடுக்காக இருந்திருக்கலாம்.

என் சொந்தக் கதை ஒண்ணு, ரொம்பச் சின்னது. ஒரு கிளையண்ட் இடத்தில் டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. எல்லாம் ஓடுதுன்னு நான் நினைச்சேன். அதை எழுதினவர் கணக்கில் பச்சை என்றால் "இன்னும் பிழை எதுவும் வரவில்லை". சர்வர் பதில் சொல்வதையே நிறுத்திய பிறகும் அது பச்சையாகவே இருந்தது. ரெண்டு மணி நேரம் போச்சு, அவ்வளவுதான், யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா லாஸ் ஏஞ்சலஸ் அறிக்கையைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பச்சைதான். ஸ்கைவெஸ்டில் ஸ்ட்ரோப் "நான் கிளம்பப் போகிறேன்" என்பதற்கான குறி. பின்னால் வந்தவருக்குத் தேவைப்பட்டதோ "நான் இங்கே இருக்கிறேன்" என்பது.

இன்று அமெரிக்க எஃப்ஏஏவின் வழிகாட்டுதல் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. டாக்ஸிவேயில் ஸ்ட்ரோப் மற்றவர் கண்ணைக் கூசச் செய்தால் போடக் கூடாது. ரன்வேயைக் குறுக்கே கடக்கிறோமா, வெளி விளக்குகள் எல்லாமே எரியட்டும். ரன்வேயில் ஏறிக் காத்திருக்கிறோமா, லேண்டிங் லைட் தவிர எல்லாம். டேக் ஆஃப் அனுமதி கிடைத்ததும் லேண்டிங் லைட். ஆக, ஸ்ட்ரோப் என்றால் ரன்வேயில் ஆள் இருக்கு. லேண்டிங் லைட் என்றால் ஓடத் தொடங்கிட்டான். ரெண்டு நிலை, ரெண்டு தனி அடையாளம். இந்த டிசைன் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முன்பக்க விளக்கு எப்போது உதவும் என்பதற்கு நம்ம டொராண்டோவிலிருந்தே ஒரு கதை. 2017 ஜூலை 7, சான் பிரான்சிஸ்கோ, நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு. பியர்சனிலிருந்து போன ஏர் கனடா 759, ரன்வே 28R என்று நினைத்துப் பக்கத்திலிருந்த டாக்ஸிவேயை நோக்கி இறங்குகிறது. இணை ரன்வே 28L அன்று விளக்கணைத்து மூடப்பட்டிருந்ததால் வந்த குழப்பம். டாக்ஸிவேயில் நான்கு விமானங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. ரன்வேயில் ஏதோ விளக்குகள் தெரிகிறதே என்று ஏர் கனடா பைலட்டே டவரிடம் கேட்டார். ரன்வே காலி என்று பதில் வந்தது. அது உண்மைதான், ரன்வே காலியாகத்தான் இருந்தது! வரிசையில் முதலில் நின்ற யுனைடெட் பைலட் ரேடியோவில் கத்தினார். இரண்டாவதாக நின்ற பிலிப்பைன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் லேண்டிங் லைட்டைப் போட்டார்கள். இங்கே தரையில் நின்றவர்கள் முகம் பார்த்து நின்றார்கள், அதனால் அந்த வெளிச்சம் வருகிறவரை நோக்கிப் போனது. ஏர் கனடா மேலே எழும்புவதற்குள் தரையிலிருந்து சுமார் 60 அடி வரை இறங்கியிருந்தது. அந்த ஐந்து விமானங்களிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல்.

விளக்கு மட்டும் போதுமா? 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேதா. நோட்டோ நிலநடுக்க நிவாரணப் பொருள் ஏற்றிய கடலோரக் காவல்படை விமானம் ரன்வேயில் சுமார் 40 வினாடி நின்றது, மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு. இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350-இன் பைலட்டுகள் அதைப் பார்க்கவில்லை. ஏ350-இல் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சின்ன விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். இப்படி நடப்பதைத் தடுக்கத்தான் சில பெரிய விமான நிலையங்களில், ரன்வேயில் ஆள் இருந்தால் தரையில் பதித்த சிவப்பு விளக்குகள் யாரும் சொல்லாமலே எரியும் ஏற்பாடும் இருக்கு. அதைப் பற்றித் தனி எபிசோடு போடலாம்.

அடுத்த தடவை ராத்திரி விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் கிடைச்சா, போனை ஓரமா வெச்சுட்டு வெளியே பாருங்க. டாக்ஸிவே ஓரத்தின் நீல விளக்குகள் முடிந்து, விமானம் ரன்வேக்குள் திரும்பும்போது, இறக்கை நுனியில் வெள்ளை வெட்டு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்போம். அந்த நேரத்தில் அது பேசுவது நமக்குப் பின்னால் இறங்கி வருகிறவரிடம்.