'கேம்' வந்த பிறகும் 'ஏட்' எதற்கு?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கட்டுரை நோட்டில் 'யெஸ்டர்டே ஐ கேம் ஹோம் அண்ட் ஈட் டிபன்' என்று எழுதியிருந்தான். ஆங்கில ஆசிரியை 'ஈட்' என்பதைச் சுழித்து 'ஏட்' என்று திருத்தியிருக்கிறார். "யெஸ்டர்டேன்னு சொல்லியாச்சு, கேம்னும் சொல்லியாச்சு, நேத்து நடந்ததுன்னு தெரிஞ்சுபோச்சே, மறுபடி எதுக்கும்மா?" என்று கேட்கிறான். ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஸ்ட் டென்ஸ் வரக் கூடாது என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். எது சரி? அப்படியே இன்னொன்று: எங்கள் அலுவலகத்தில் 'ட்ரை அண்ட் கம்' என்கிறார்கள். அது சரியான ஆங்கிலம்தானா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, ஆசிரியை திருத்தியது சரி. ஆனால் பையன் எழுதியது அவசரத்தில் நேர்ந்த பிழை அல்ல. அவன் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் இலக்கணத்தில் கோத்திருக்கிறான். அந்த இலக்கணப்படி அவன் கேள்வி நியாயமானது.

முதலில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதியைப் பார்ப்போம். 'இரண்டு பாஸ்ட் டென்ஸ் வராது' என்பதைப் பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது 'டிட்' பாடத்திலிருந்து கிளம்பிய விதி. 'டிட் யூ கேம்?' என்பது தவறு, 'டிட் யூ கம்?' என்பதே சரி. இங்கே 'டிட்' துணைவினை, அதாவது முக்கியமான வினைக்கு உதவியாக வந்து நிற்கும் வினை. காலம் காட்டும் வேலையை அது எடுத்துக்கொண்டதால் 'கம்' தன் பழைய உருவத்திலேயே இருந்துவிடுகிறது. ஆக, அந்த விதி ஒரு வினைக்கும் அதன் துணைவினைக்கும் இடையே உள்ளது. அதை யாரோ முழு வாக்கியத்துக்கும் நீட்டிவிட்டார்கள். உங்கள் மகனின் வாக்கியத்தில் 'கேம்', 'ஈட்' என்பதற்குத் துணைவினை அல்ல. வந்தது ஒரு வேலை, சாப்பிட்டது வேறொரு வேலை. 'ஐ கேம் ஹோம், வாஷ்ட் மை ஹேண்ட்ஸ், ஏட் டிபன் அண்ட் ஸ்லெப்ட்' என்று நான்கு இறந்தகால வினைகளை ஒரே வாக்கியத்தில் எழுதினாலும் அது நல்ல ஆங்கிலமே.

சரி, அவனுக்கு ஒன்று போதும் என்று ஏன் தோன்றியது? இதே சேதியை அவன் தமிழில் எப்படிச் சொல்வான் என்று பாருங்கள். "நேத்து வீட்டுக்கு வந்து, கை கழுவி, டிபன் சாப்பிட்டுத் தூங்கினேன்." இதில் காலத்தையும் ஆளையும் காட்டுவது 'தூங்கினேன்' என்ற ஒரே சொல். அதுதான் வினைமுற்று, அதாவது யார், எப்போது என்பதைக் காட்டிப் பொருளை முடித்துவைக்கும் வினை. வந்து, கழுவி, சாப்பிட்டு என்பவை வினையெச்சங்கள், பொருள் முடியாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்பவை. கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி 'தூங்குவேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'நேத்து' போய் 'நாளைக்கு' வர வேண்டும். மற்ற மூன்று சொற்களில் ஓர் எழுத்தும் மாறாது. இலக்கணப் புத்தகத்தில் 'வந்து' என்பதை இறந்தகால வினையெச்சம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் நாளைக்கு நடக்கப்போவதற்கும் அது அப்படியே வருகிறது. அது காட்டும் இறப்பு அடுத்த வினைக்கு முந்தியது என்ற அளவில்தான்.

இந்த அமைப்பு நம் மொழியில் மிகப் பழையது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வினையியல், 'செய்து' முதலாக ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்கிறது. தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. இந்தி உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் 'வந்து, செய்து' போன்ற எச்சங்கள் இருப்பதை, தெற்காசியாவை ஒரே மொழிப்பரப்பாக இணைக்கும் கூறுகளில் ஒன்றாக மொழியியலாளர் கோலின் மசிகா 1976-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக் காட்டினார். அதனால் ஆங்கிலம் படிக்கும் லக்னோ பையனும் உங்கள் மகன் தடுக்கிய அதே இடத்தில் தடுக்கி விழலாம்.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். தமிழில் வினைகளை இணைக்கும் பசை வினைக்குள்ளேயே இருக்கிறது. வந்து, வந்தால், வந்தாலும், வந்ததால், வந்தபோது என்று வினையின் வாலை மாற்றி அடுத்ததோடு ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சில் அந்த வேலையைத் தனிச் சொற்கள் செய்கின்றன: அண்ட், பட், இஃப், பிக்காஸ், வென். இவை இணைப்புச் சொற்கள், அதாவது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பவை. இணைக்கத் தனி ஆள் வந்துவிட்டதால் வினை தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முழு வினைமுற்றாகவே நிற்கிறது. அதனால் காலத்தையும் அதுவே காட்டியாக வேண்டும். 'கேம்' காட்டிய காலம் 'அண்ட்' என்பதைத் தாண்டி 'ஈட்' வரைக்கும் போய்ச் சேராது. பையனுடைய கேள்விக்குப் பதில் இதுதான்.

நம் மொழி இதற்கு நேர் எதிர் என்பதை ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம். 'அண்ணனும் தம்பியும்' என்று பெயர்ச்சொற்களை 'உம்' போட்டு இணைக்கிறோம். அதே 'உம்' போட்டு 'வந்தேனும் சாப்பிட்டேனும்' என்று சொல்ல முடியுமா? வாய் வராது. தமிழ் வினைமுற்று அந்தப் பசையை ஏற்காது. 'வந்தேன் மற்றும் சாப்பிட்டேன்' என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அது ஆங்கில வாக்கியத்தின் நிழல். தமிழில் அதற்கு இடம் இல்லை. உங்கள் மகன் தமிழை ஆங்கிலத்தில் எழுதியதைப் போல, இவர்கள் ஆங்கிலத்தைத் தமிழில் எழுதுகிறார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 'செய்து' என்ற எச்சத்தின் வினையைச் செய்தவரே அதை முடிக்கும் வினையையும் செய்தவராக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் சொல்லும் முறை. 'நான் வீட்டுக்கு வந்து அம்மா டிபன் கொடுத்தாள்' என்று நாம் சொல்வதில்லை. 'நான் வந்ததும்' என்று மாற்றிக்கொள்வோம். ஆங்கிலத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'ஐ கேம் ஹோம் அண்ட் அம்மா கேவ் மீ டிபன்' என்று ஆளை மாற்றினாலும் 'அண்ட்' தாங்கும்.

கைடுகளில் 'அண்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே டென்ஸ் வர வேண்டும்' என்று போட்டிருப்பார்கள். அதுவும் முழு உண்மை அல்ல. 'ஹி லெஃப்ட் திஸ் மார்னிங் அண்ட் வில் ரிட்டர்ன் டுநைட்' என்பது குற்றமற்ற வாக்கியம். காலையில் போனது இறந்தகாலம், இரவு திரும்புவது எதிர்காலம். காலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு வினையும் தன் தன் காலத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவே. இரண்டு வேலையும் நேற்றே நடந்திருந்தால் இரண்டும் இறந்தகாலம் ஆகிவிடும்.

எப்போது இரண்டாவது வினை மாறாமல் நிற்கலாம்? இரண்டுக்கும் பொதுவாக ஒரு தலைச்சொல் முன்னால் வந்தால். 'ஐ டிட் நாட் கம் ஹோம் அண்ட் ஈட்' என்பது சரி. 'டிட்' இரண்டு வினைக்குமாகச் சேர்த்துக் காலத்தைக் காட்டிவிட்டது. 'ஐ வான்டட் டு கம் ஹோம் அண்ட் ஈட்' என்பதும் சரி, 'டு' இரண்டுக்கும் பொது. 'வில்', 'கேன்', 'மஸ்ட்' எல்லாம் இப்படியே. 'ஹேவ்' வந்தால் மட்டும் இரண்டும் மூன்றாம் உருவத்துக்குப் போகும்: 'ஐ ஹேவ் கம் ஹோம் அண்ட் ஈட்டன்.'

பையனுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுங்கள். எழுதி முடித்ததும் 'கேம் ஹோம் அண்ட்' என்ற மூன்று சொற்களையும் விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 'யெஸ்டர்டே ஐ ஈட் டிபன்.' அவன் காதே அதைத் தவறு என்று சொல்லிவிடும். 'டிட்' வாக்கியத்தில் அதே மாதிரி மறைத்தால் 'ஐ டிட் நாட் ஈட்' என்று சரியாக நிற்கும். 'ஹி கம்ஸ் ஹோம் அண்ட் ஈட்' என்று எழுதி, கடைசி 'ஸ்' விட்டுப்போவதையும் இதே சோதனை பிடித்துவிடும். 'ஹி ஈட்' என்று தனியாகப் படித்தால் 'ஈட்ஸ்' அல்லவா என்று தோன்றிவிடும்.

நம் 'வந்து' போன்ற ஒன்று ஆங்கிலத்தில் இல்லவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 'ஹேவிங் கம் ஹோம், ஐ ஏட் டிபன்' என்று எழுதலாம், இலக்கணம் சுத்தம். ஆனால் வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிட்டதை எந்த ஆங்கிலேயரும் அப்படிச் சொல்லமாட்டார். அது மனு எழுதும் நடை. நம்மவர்களின் அலுவலகக் கடிதங்களில் 'ஹேவிங்' நிறைந்து கிடப்பதற்கு நம் வினையெச்சப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் அலுவலகத்து 'ட்ரை அண்ட் கம்'. இது பிழை அல்ல. ஆனால் விநோதமான வழக்கு. இங்கே 'அண்ட்' இரண்டு வேலைகளை இணைக்கவில்லை. 'ட்ரை டு கம்' என்பதில் உள்ள 'டு'வின் வேலையைச் செய்கிறது. அதனாலேயே 'ட்ரை' உருவம் மாறாமல் இருக்கும் இடத்தில் மட்டும் இது செல்லும். 'ஐ வில் ட்ரை அண்ட் கம்' என்று சொல்லலாம். நேற்றைய கதைக்கு 'ஐ ட்ரைட் அண்ட் கேம்' என்றால் முயன்றேன், வந்தும் விட்டேன் என்று பொருள் மாறிவிடும். அங்கே 'ட்ரைட் டு கம்' என்றே சொல்ல வேண்டும். 'கோ அண்ட் சீ' அப்படி அல்ல. போவதும் பார்ப்பதும் இரண்டு வேலைகள். அதனால் 'வென்ட் அண்ட் ஸா' என்று இரண்டையும் தாராளமாக மாற்றலாம். ஆங்கில வழக்குகளுக்கு 1926-இல் அகராதி எழுதிய ஃபௌலர் கூட 'ட்ரை அண்ட்' என்பதை ஏற்றுக்கொண்டார்.

பேச்சில் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் தேர்வுத்தாளிலும் 'ட்ரை டு கம்' என்று எழுதுங்கள். மகனையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.