சாவிக்குக் கிடைக்கும் பெயர்

நம்பிக்கை: இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அதே ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விடுமுறை கிடையாது; வலிப்பும் கிழமை பார்த்து வருவதில்லை. நம் பகுதி மருத்துவமனை வார்டு எதிலும் ஒருவருக்கு வெட்டி இழுத்தால், கூட இருப்பவர்கள் முதலில் தேடுவது சாவிக்கொத்தை. பெரும்பாலான வலிப்பு 1 முதல் 3 நிமிடத்துக்குள் தானாகவே அடங்கும்; பெயரைச் சாவி வாங்கிக்கொள்கிறது. அம்மன் குங்குமத்தை நெற்றியில் இடுங்கள், தீங்கில்லை. வாயில் ஸ்பூனைத் திணிக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டிய வலிப்பு தானாக நிற்பது அரிது. லோரசெபாம் போன்ற மருந்து உடனே ஏற வேண்டும்.

நம்பிக்கை: கை கால் இழுத்து, நுரை தள்ளினால்தான் ஃபிட்ஸ்.

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 570 நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் தொடர்ந்து பதிவுசெய்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 110 பேருக்கு வலிப்பு இருந்தது. அவர்களில் 92 விழுக்காட்டினருக்கு வெளியே இழுப்பே தெரியவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு, “தூங்குறார்” என்று நாம் கடந்துபோகும் கட்டிலில் இத்தகைய வலிப்பு நடந்துகொண்டிருக்கலாம். கண்கள் ஒரே பக்கம் சொருகியிருக்கும். வாயோரம் மட்டும் துடிக்கும். எதையோ மெல்வதுபோல் உதடு அசையும், விரல் போர்வையைப் பிசையும், கூப்பிட்டால் பதில் வராது. இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோதான். “இவரு இப்படி முழிக்க மாட்டாரு சிஸ்டர்” என்று அவர் சொன்னால், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். அவரைப் பயந்தவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நம்பிக்கை: நடுங்கினாலே ஃபிட்ஸ்.

குளிர்காய்ச்சலிலும் உடல் உதறும். ஆனால் பேச்சுக்குப் பதில் வரும். மயங்கி விழுபவருக்கும் சில நொடி கை கால் வெட்டும். படுத்ததும் சட்டென்று தெளிவார். எதுவானாலும் விரலில் குத்தி சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் வலிப்பு வரும், அதற்கு மருந்து குளுக்கோஸ்.

கேஸ் ஷீட்டில் “ஃபிட்ஸ் வந்தது” என்ற ஒற்றை வரி மருத்துவருக்கு எதையும் சொல்லாது. இப்படி எழுதுங்கள்: “2.10: கண் இடப்பக்கம் திரும்பியது, இடது கை துடித்தது. 2.12: நின்றது. 2.30: பெயர் சொன்னார்.” மூளையின் வலப்பக்கத்தில் தேட வேண்டும் என்பதை மருத்துவர் இதிலிருந்தே பிடித்துக்கொள்வார்.